இரவும் ஒரு பாடவேளை

எங்கள் ஊர் அக்காள்மடம். இராமேசுவரம் தீவில் பாம்பனைத் தாண்டியதும், தங்கச்சிமடத்துக்கு முன்னால் வரும். அக்கா, தங்கை இருவர் பெயரால் எழுந்த இரண்டு மடங்களே பிறகு ஊர்ப்பெயர்களாக நிலைத்தன என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். மடம் என்றால் சேது யாத்திரை வந்தவர்கள் இரவில் தங்கிப் போன இடம். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்படும் வரை யாத்திரிகர்கள் மண்டபம் வரை வந்து, படகேறித் தீவுக்குள் இறங்கித்தான் கோயிலுக்குப் போக வேண்டும். இருட்டிவிட்டால் மடத்தில் படுக்கை. முன்பின் தெரியாதவர்கள் ஒரே கூரையின் கீழ் இரவைக் கழித்த ஊர் இது. அதே ஊரில், ஆண்டுக்கணக்கில் ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகளை ஓர் இரவு சேர்ந்து தங்கவைக்க எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். முகாம் நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடும்.

முகாம் நமக்குப் புதிதில்லை. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் இன்றும் உண்டு. சாரணர் இயக்கமே ஒரு முகாமில் பிறந்ததுதான். 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற சிறு தீவில் ஏறக்குறைய இருபது சிறுவர்களைக் கூடாரத்தில் தங்கவைத்தார். அவர்களில் சிலர் பெரும் பணக்காரப் பள்ளிகளின் மாணவர்கள், சிலர் அருகிலிருந்த ஊர்களின் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். இரு தரப்பையும் கலந்து குழு பிரித்தார் என்பதுதான் அந்த முகாமில் எனக்குப் பிடித்த செய்தி. நம் முகாம்களில் குழுவைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டால் தெரு வாரியாகப் பிரிந்துவிடுவார்கள். எனவே சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். சமையலுக்கும் அதே குழு, பாத்திரம் கழுவவும் அதே குழு.

விசில் ஊதியபின்

வேறொரு பள்ளியில் பணியாற்றியபோது நான் பொறுப்பேற்று நடத்திய முதல் முகாம் ஒன்று. காலை ஐந்தரை முதல் இரவு ஒன்பது வரை நிகழ்ச்சி நிரல் தயாரித்திருந்தேன். உடற்பயிற்சி, களப்பணி, கருத்துரை, கலை நிகழ்ச்சி எல்லாம் அதில் இருந்தன. ஒன்பது மணிக்கு விசில் ஊதி, விளக்கை அணைத்து, "பேசாமல் படுங்கள்" என்றோம். பதினொரு மணிக்குத் தலை எண்ணியபோது இரண்டு பையன்கள் குறைந்தார்கள். சுவரேறிக் குதித்துக் கண்மாய்க்கரைக்குப் போயிருந்தார்கள். ஒரு மணி நேரம் டார்ச் விளக்கோடு தேடிய அந்த நடை இன்னும் என் காலில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இருவரையும் நிற்கவைத்து எல்லாரும் திட்டினோம்; நானும் திட்டினேன்.

வீட்டுக்கு வந்து நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது மணிக்குக் கீழே வெறும் காகிதம். வீட்டை விட்டு, முதல் முறையாக, நண்பர்களோடு தங்கும் பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்பது மணிக்குத் தூங்குமா? பகல் நிகழ்ச்சிகளைப் பள்ளி நாளில்கூட நடத்திவிடலாம். பள்ளி நாளில் கிடைக்காத ஒரே பொருள் இரவு. அதைத்தான் நான் நிரலில் எழுதாமல் விட்டிருந்தேன்.

இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்தபின், ஒன்பதாம் வகுப்புக்கு முகாம் திட்டமிட்டபோது இரவைத்தான் முதலில் எழுதினேன். 2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பள்ளி வளாகத்திலேயே தங்கல். காட்டுக்கோ மலைக்கோ போக வேண்டியதில்லை. பள்ளி மைதானமே இரவில் வேறு இடம்போல் ஆகிவிடுகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் தங்கலாமா என்று ஒரு பையன் கேட்டான். அந்த 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே இரவு தங்குவது என்ற பேச்சே கூடாது என்று சொல்லி, அதையே மாலை நேரக் கலந்துரையாடலின் தலைப்பாக்கிக்கொண்டோம்.

அந்த முதல் முகாமில் ஒரு குறை. மாணவிகள் மாலை ஆறு மணிவரை இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அப்படித்தான் வழக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் மறுபேச்சுப் பேசவில்லை.

கைமுட்டியும் துருவ மீனும்

இரவு ஒன்பதரைக்குப் பையன்களை வரிசையாக வடகரைக்கு அழைத்துப் போனோம். எங்கள் பகுதியில் தீவு குறுகலானது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வது வழக்கம். நீருக்கு இருபதடி முன்னால் மணலில் இரண்டு கம்புகளை நட்டு வலைக்கயிறு கட்டியிருந்தோம். கயிற்றைத் தாண்டக் கூடாது. அது ஒன்றே விதி. கடலோரத்தில் முகாம் நடத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளை தானாகவே தள்ளி நிற்கும். கடலில் பிறந்து வளர்ந்த பிள்ளைதான் "எனக்குத் தெரியும் சார்" என்று இறங்கும். ஆசிரியரின் கண் அவன்மேல் இருக்க வேண்டும்.

செய்து காட்ட நினைத்தது எளிய பாடம். கையை முன்னால் நீட்டி விரல்களை மடக்கினால், கைமுட்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். சிறுவனின் கை சிறியது, அவன் கண்ணுக்கும் முட்டிக்கும் உள்ள தூரமும் குறைவு. அதனால் யார் அளந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. துருவ மீன் அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. எங்கள் தீவு ஏறக்குறைய 9 பாகை வடக்கு. சென்னைக்கு 13, டெல்லிக்கு 28-க்கு மேல். புத்தகத்தில் இருக்கிற இதை வானத்தில் அளக்கவைப்பதுதான் திட்டம்.

சப்தரிஷி மண்டலம் வடகிழக்கில் ஏறியதும், அதன் முன்னிரண்டு மீன்களை இணைத்துக் கோடு நீட்டத் தொடங்கினேன். துருவ மீன் அகப்படவில்லை. பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டிய எனக்கு, அது நல்ல உயரத்தில் பளிச்சென்று இருக்கும் என்று ஒரு நினைப்பு. மேலேயே தேடிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மேல இல்ல டீச்சர். கீழ பாருங்க, அந்தப் பனைக்கு வலப்பக்கம். அம்புட்டு வெளிச்சமாவும் இருக்காது."

சொன்னவன் என் அறிவியல் தேர்வில் இருபத்தைந்து மதிப்பெண்ணைத் தாண்டாதவன். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பான். கையை நீட்டச் சொன்னேன். அடிவானத்தில் முட்டியை வைத்தான். முட்டியின் மேல் விளிம்பை ஒட்டி, மங்கலாக, துருவ மீன். ஒரு முட்டி, ஒன்பது பாகை. அவனுடைய தாத்தா அதைப் பார்த்துத்தான் கரை திரும்புவாராம். "இப்ப எல்லாப் படகுலயும் ஜிபிஎஸ் இருக்கு டீச்சர். தாத்தா சும்மா சொல்லிக்கொடுத்தாரு" என்றான்.

அதன்பின் அரை மணி நேரம் நான் கேட்க, அவன் சொன்னான். கார்த்திகையை அவர்கள் வீட்டில் ஆறாமீன் என்பார்கள். அது சாய்ந்திருக்கும் அளவைப் பார்த்து மணி சொல்வார் தாத்தா. வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று காற்றுக்கு நான்கு பெயர். எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் வலை போடலாம் என்பதும் தெரியும். மற்ற பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் சொன்னதை இன்னொருவன் மறுத்தான். என் பாட வேளைகளில் இப்படி ஒரு விவாதம் நடந்ததே கிடையாது.

இதைப் படிக்கும்போது பலருக்கும் சிவசுப்பிரமணிய ஐயர் நினைவுக்கு வருவார். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் விளக்கி, பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், ஐந்தாம் வகுப்பை இதே தீவின் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டியவர். அந்த வகுப்பில் இருந்த அப்துல் கலாம் அதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நாம் அந்த நிகழ்வைச் சொல்லும்போது பெரும்பாலும் கலாமைப் பற்றியே பேசுகிறோம். புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னதை அந்த ஆசிரியர் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நான் அன்றிரவுதான் யோசித்தேன்.

"எங்களுக்கு எப்ப டீச்சர்?"

திங்கட்கிழமை வகுப்பில் பையன்கள் முட்டியை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள. மாணவிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் ஒருத்தி வந்து, "எங்களுக்கு எப்ப டீச்சர் ராத்திரி?" என்றாள். அடுத்த ஆண்டு என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து வந்த செய்தியை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. என்ற பெயரில் போலி முகாம் நடந்தது. நடத்தியவருக்கு என்.சி.சி.யோடு எந்தத் தொடர்பும் இல்லை. தங்கியிருந்த மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். அதன்பின் எங்கள் ஆசிரியர் அறையில் முகாம் என்ற சொல்லை எடுத்தாலே பேச்சு நின்றுபோனது. "உனக்கேன் இந்த வேலை?" என்று அன்போடுதான் கேட்டார்கள். நானும் அந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொண்டேன். முகாமை நிறுத்திவிடுவது எளிது. ஆனால் நடந்ததை உற்றுப் பார்த்தால், வந்தவர் யார் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரித்திருக்கலாம்; பெண் பிள்ளைகள் படுக்கும் இடத்தில் இரவில் யார் இருக்கலாம் என்று ஒரு காகிதத்தில் எழுதியிருக்கலாம்; சொன்ன பிள்ளையின் சொல்லை அன்றே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். இந்த மூன்றையும் செய்யத் தயாராக இருந்தால் நடத்துவது, இல்லையென்றால் விடுவது என்று முடிவுசெய்தேன்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் நேராகவே கேட்டார். "வயசுக்கு வந்த புள்ளைய ராத்திரியில வெளிய எப்படி டீச்சர் விடுறது?" அவருக்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, கடல்பாசி எடுக்கப் போகும் இன்னொரு தாய் பின்னாலிருந்து பேசினார். "எங்க ஆத்தா காலத்துல தீவு மணல்லயே படுத்துக் கிடந்து பாசி எடுத்துருக்கோம். ஆம்பளப் பயலுக பாக்குற வானத்த இவளுக பாத்தா என்ன? பயமா இருந்தா நம்மளும் வந்து படுப்போம்." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. முகாமின் வடிவமும் அங்கேதான் முடிவானது. நான்கு தாய்மார்கள் எங்களோடு இரவு தங்கினார்கள்.

ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைமையாசிரியரின் கடிதத்தோடு முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்துமூலம் அனுமதி. காவல் நிலையத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தகவல். ஒவ்வொரு பெற்றோரிடமும் கையெழுத்திட்ட ஒப்புதல். அதில் பிள்ளைக்கு வலிப்பு, மூச்சிரைப்பு, ஒவ்வாமை உண்டா என்ற வரி கட்டாயம். வெளியிலிருந்து பயிற்சியாளர் யாரும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். வருவதாக இருந்தால் அவர் சொல்லும் அமைப்பை நாமே அழைத்து உறுதிசெய்ய வேண்டும். அடையாள அட்டை மட்டும் போதாது. மாணவிகள் படுக்கும் கட்டடத்துக்குள் எட்டு மணிக்குமேல் ஆண்கள் யாரும் நுழைவதில்லை, தலைமையாசிரியர் உட்பட. கழிப்பறை விளக்கையும் தாழ்ப்பாளையும் முந்தைய நாளே சோதித்தோம். ஒரு தாழ்ப்பாள் உடைந்திருந்தது. எந்த நேரமும் இரண்டு ஆசிரியைகள் விழித்திருக்கும்படி முறை போட்டோம். 1098, 14417 ஆகிய இரண்டு உதவி எண்களையும் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் எழுதவைத்தோம். போக்சோ சட்டப்படி, தெரியவந்ததைக் காவல்துறைக்குச் சொல்வது நம் கடமை. பள்ளிக்குள்ளேயே விசாரித்து முடிக்க நமக்கு உரிமை இல்லை என்பதை முகாமுக்கு முன் ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தோம்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் கடற்கரையில் வேண்டவே வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன கதை இல்லாத வீடு இந்தத் தீவில் இல்லை. அந்த மாதத்தில் கடலோரம் என்றால் எந்தத் தாயும் அனுப்ப மாட்டார். நிலவு இல்லாத இரவு தேவை. ஆனால் தை அமாவாசையன்றே வைத்துவிடாதீர்கள். இராமேசுவரம் சாலையில் அன்று ஆம்புலன்ஸ்கூட நகராது. நாங்கள் 2025 ஜனவரி 25, சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். அமாவாசைக்கு நான்கு நாள் முன்பு. மறுநாள் குடியரசு தினம். பிள்ளைகள் கொடியேற்றத்துக்குப் பள்ளியிலேயே இருப்பார்கள்.

ஜனவரி 25

அந்த மாதம் வானம் எங்களுக்கு உதவியது. சூரியன் மறைந்ததும் மேற்கே வெள்ளியும் அதன் கீழே சனியும். உச்சிக்கு அருகில் ரோகிணியை ஒட்டி வியாழன். கிழக்கே சிவப்பாகச் செவ்வாய். ஒன்பது மணிக்கு மாணவிகளை இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வடகரைக்கு அழைத்துப் போனோம். தாய்மார்கள் கயிற்றின் இரு முனையிலும் உட்கார்ந்துகொண்டார்கள்.

துருவ மீனைக் கண்டுபிடித்தபின் அவர்களுக்கு வேறு வேலை கொடுத்தேன். திருவாதிரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் மூன்று மீன்கள் உச்சியைக் கடந்தபின் மேற்கே எவ்வளவு சாய்கின்றன என்று பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் முட்டியால் அளக்க வேண்டும். ஒன்றரை முட்டி வந்தது. மணிக்கு 15 பாகை என்றால் 360 பாகைக்கு எவ்வளவு நேரம் என்று நான் கேட்கும் முன்பே ஒருத்தி "இருபத்து நாலு!" என்று கத்தினாள். பூமி சுழல்வதை நான் அதுவரை உருண்டையைச் சுற்றித்தான் காட்டியிருக்கிறேன்.

இரவு ஒரு மணிக்கு என் காவல் முறை. ஒரு பாயில் மட்டும் அசைவு. போய் உட்கார்ந்தேன். அவளுடைய தந்தை மீன்பிடிக்கப் போன இடத்தில் இலங்கைக் கடற்படையால் சிறைப்பிடிக்கப்பட்டு, அப்போது அங்கே சிறையில் இருந்தார். வகுப்பில் யாருக்கும் சொல்லவில்லை. "வீட்ல இந்நேரம் அம்மா தூங்காது டீச்சர். நானும் தூங்குற மாதிரி கெடப்பேன்" என்றாள். மூன்று மாதமாக அவள் வீட்டுப்பாடம் எழுதாததற்கு நான் வைத்திருந்த காரணம் வேறு. எனக்கு ஆறுதல் வார்த்தை எதுவும் வரவில்லை. பக்கத்திலேயே இருந்தேன். சற்று நேரத்தில் அந்தப் பாசி எடுக்கும் அம்மா எழுந்துவந்து அவள் தலைமாட்டில் படுத்துக்கொண்டார். அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்த ஒன்று வகுப்பாசிரியரான எனக்குத் தெரியவில்லை.

நாலரை மணிக்கு எல்லாரையும் எழுப்பி மைதானத்தின் தென்கோடிக்கு அழைத்தோம். எழ மாட்டேன் என்றவர்களை விட்டுவிட்டோம். ஆறு பேர் தூங்கினார்கள். தெற்கே இரண்டு முட்டி உயரத்தில் தென்சிலுவை நிமிர்ந்து நின்றது. வடக்கே ஒரு முட்டியில் துருவ மீன், தெற்கே இரண்டு முட்டியில் தென்சிலுவை. டெல்லியில் இருப்பவர்களுக்குத் தென்சிலுவை முழுதாகத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குத் துருவ மீன் தெரியாது. நமக்கு இரண்டும் ஒரே இரவில். இதைச் சொன்னபோது பின்னால் நின்ற தாய் ஒருவர், "இத்தன வருசமா இங்கதான் கெடக்கோம், யாருமே சொல்லலையே டீச்சர்" என்றார். கிழக்கே தேய்பிறை எழுந்திருந்தது.

கொடியேற்றத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். திங்கட்கிழமை அந்தத் தந்தைக்காக ஊரில் என்னென்ன முயற்சிகள் நடக்கின்றன என்று விசாரித்து, அந்தப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பள்ளி நேரத்திலேயே முடிக்க ஏற்பாடு செய்தேன். அவளோடு யார் உட்காருவது என்று கேட்டதற்கு மூன்று பேர் கை தூக்கினார்கள்.

அடுத்த முகாமுக்கு எட்டாம் வகுப்பும் கேட்கிறது. அவர்களையும் சேர்த்தால் வலைக்கயிறு போதாது. துருவ மீனைக் காட்டிய பையனின் தாத்தா நீளமாக ஒன்று முறுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்; ஆனால் அன்றிரவு தானும் வருவேன் என்கிறார். அவருக்கும் ஒரு ஒப்புதல் படிவம் தயாரிக்க வேண்டும்.